முளை அடித்த வாசல்

நிலத்தடித் தண்ணீர் பார்க்கக் கம்பியும் பெட்டியுமாக இரண்டு பேர் வந்து கன்யாமோ ஊர் முழுக்க நடந்தார்கள். இரும்புக் குச்சிகளை மண்ணில் அடித்தார்கள், ஒயரை இழுத்தார்கள், பெட்டியைக் குனிந்து பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் மட்டும் பரவாயில்லை என்று தலையாட்டி, ஒரு முளை அடித்தார்கள். கடைசியில் சரிவின் மேலே தனியாகக் கிடந்த ஒபியேரோ கிழவரின் வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறி வந்து, கள்ளி வேலிக்கு வெளியே, வாசலுக்கு நேர் எதிரே நின்றுவிட்டார்கள்.

"இதான் இடம்," என்றார் பெட்டிக்காரர். "அடியில பாறை வெடிச்சு ஓடுது. பம்பு போட்டா ஊரே அடிச்சாலும் வத்தாது."

அங்கேயும் ஒரு முளையை அடித்து, அதன் தலையில் சிவப்புச் சாயம் பூசிவிட்டு இறங்கிப் போனார்கள்.

வேலிக்குள் காராமணிக் கீரை கிள்ளிக்கொண்டிருந்த கிழவரின் மருமகள் அப்போண்டி, அவர்கள் தலை மறையும்வரை காத்திருந்தாள். பிறகு போய் முளையைத் தொட்டுப் பார்த்தாள். சாயம் விரலில் ஒட்டியது. அதைத் துடைக்க மனம் வரவில்லை.

அடிபம்பு வரப்போகிறது என்றதும் ஊர்ப் பெண்களுக்குத் தண்ணீர்தான் ஞாபகம் வந்தது. ஆறு கலங்கி ஓடுகிற மாதங்களில் குழந்தைகளுக்கு வயிற்றால் போவதும், வாய் உலர்ந்து கண் குழிவதும், சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அவர்களுக்குத்தான் தெரியும். அப்போண்டியும் அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தாள். ஆனால் அவள் நினைத்தது வேறு. விடிந்தால் பெண்கள் மேடேறி வருவார்கள். கேன்களை வைத்துவிட்டுப் பேசுவார்கள். யார் வீட்டில் சண்டை, யார் முழுகாமல் இருக்கிறாள், யார் மாடு யார் சோளத்தை மேய்ந்தது, எல்லாம் அவள் வாசலில் வந்து விழும். நாலு பேர் இருக்கும் இடத்துக்குத் தானாகப் போய் நிற்க அவளுக்கு வராது. கால் கூசும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர்களே வாசலுக்கு வந்துவிட்டால் கூச்சத்துக்கு என்ன வேலை? கீரை கிள்ளுகிற சாக்கில் வேலியோரம் உட்கார்ந்திருக்கலாமே.

அன்று மாலையே முளையைச் சுற்றி வளர்ந்திருந்த முள்ளை வெட்டித் துப்புரவாக்கினாள்.

அப்போண்டி ஏரிக்கு அக்கரையில் இருக்கும் செமேயிலிருந்து வந்தவள். கல்யாணம் ஆகி வந்த பெண்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிறந்த ஊர்தான் பெயர். அவள் செமேக்காரி. புருஷன் ஒச்சோலா மொம்பாசா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். எப்போதாவது போன் வரும். "அப்பா எப்படி இருக்காரு?" என்பான். "நல்லா இருக்காரு" என்பாள். அவன் பின்னால் ஒரு பெண் இருமுவது கேட்கும். அவள் அதைப் பற்றிக் கேட்டதில்லை. பிள்ளை இல்லை.

மாமியார் இருந்தவரை வீட்டில் பேச்சு இருந்தது. மாமனார் மருமகளிடம் சொல்ல வேண்டியதை மாமியாரிடம் சொல்வார். மருமகள் மாமனாரிடம் சொல்ல வேண்டியதும் அந்த வழியாகத்தான் போகும். மாமியார் இரண்டு பக்கத்துச் சொல்லிலும் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் கொடுப்பாள். அவள் போனபின் நடுவில் ஆளில்லை. மாமனார் வீட்டுக்குள் மருமகள் கால் வைக்கக்கூடாது. மருமகள் குடிசைப் பக்கம் மாமனார் முகம் திருப்பக்கூடாது. அப்போண்டி களியையும் பொடிமீன் குழம்பையும் மூடி, அவர் வீட்டு வாசற்கல்லில் வைத்து, ஒரு செருமல் செருமிவிட்டுத் திரும்பிவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்துக் காலித் தட்டு அதே கல்லில் இருக்கும்.

ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் கிழவர் மாட்டிடம் சொல்வார். கொம்பு ஒன்று வளைந்த கிழட்டு எருது அது.

"எலே, இன்னைக்குக் குழம்புல உப்புத் தூக்கலா இருந்துச்சுல்ல?"

எருது அசை போடும். மறுநாள் குழம்பில் உப்பு குறையும்.

இந்த நிலையில்தான் தண்ணிக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். தண்ணிக்காரர்கள் என்றால், எங்கோ கடல் தாண்டிய ஊர்க்காரர்கள் மனமிரங்கித் தரும் காசில் கிணறு தோண்டிக் கொடுக்கும் நிறுவனம். அவர்கள் சார்பில் கிசுமுவிலிருந்து பெலிண்டா என்ற பெண் மோட்டார் சைக்கிளில் வருவாள். முட்டி வரை செம்மண்ணும் தலையில் ஹெல்மெட் அமுக்கிய பின்னலுமாக, சர்ச்சுக்குப் பக்கத்து மாமரத்தடியில் நின்று பேசினாள்.

"மேல ஒருத்தர் புதர்ல போவாரு, மழை பெய்யும், எல்லாம் கீழ வரும். அப்புறம் போர் போட்டு என்ன, பம்பு போட்டு என்ன? ஊர்ல ஒருத்தர் விடாம கக்கூஸுக்குப் போனாத்தான் போர் போடுற ரிக் வண்டி வரும். ஒரு வேலிக்குள்ள எத்தனை குடிசை இருந்தாலும் குழி மேல போட ஒரு சிமெண்ட் தட்டு நாங்க தர்றோம். குழி நீங்க தோண்டிக்கணும்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கக்கூஸ் கமிட்டிக்குத் தலைவியான அசெம்போக்காரி எழுந்தாள். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். யாராவது புதர்ப் பக்கம் ஒதுங்கினால் ஊதுவாள்.

"பெலிண்டாம்மா, நீயும் நம்ம ஜனம்தானே. மாமனார் உக்காந்த குழியில மருமவ உக்காந்தா சிரா புடிக்கும்னு உங்கம்மா சொல்லித் தரலியா? உடம்பு உருகி ஒண்ணுமில்லாமப் போயிடுவோம்."

"தெரியும் அக்கா. எங்க வீட்லயும் ரெண்டுதான்," என்றாள் பெலிண்டா. "ஆனா ஆபீஸ்ல மேல இருக்கறவங்க வேலியைத்தான் எண்ணுறாங்க, மருமவளை எண்ணல. ரெண்டாவது வேணுங்கறவங்க மரக்கட்டை போட்டு நீங்களே கட்டிக்கங்க."

மற்ற வீடுகளில் பையன்கள் இருந்தார்கள். ரெண்டு குழி தோண்டினார்கள். ஒபியேரோ வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வந்த ஒச்சோலா, தானியக் குதிருக்குப் பின்னால் ஒரு குழியைத் தோண்டி, சிமெண்ட் தட்டைப் போட்டு, மண் சுவர் எழுப்பி, அடியில் ஒரு சாண் சந்தோடு தகரக் கதவு வைத்தான். அது யாருக்கு என்று சொல்லவில்லை. அப்பாவிடம் அதைப் பேச அவனுக்கு வெட்கம், பெண்டாட்டியிடம் பேச நேரமில்லை. விடுமுறை முடிந்து பஸ் ஏறிவிட்டான்.

கிழவருக்கு முட்டி வலி. புதருக்குள் குனிந்து எழ முடியாது. சரி, இது மாமாவுக்கு என்று அப்போண்டி முடிவு செய்தாள். அவள் எப்போதும்போல இருள் பிரியும் முன் ஆற்றோரப் புதருக்குப் போனாள். கதவோரத்தில் ஒரு கேனைக் கட்டித் தொங்கவிட்டாள். கீழே இருக்கும் குச்சியைக் காலால் மிதித்தால் கேன் சாய்ந்து கையில் தண்ணீர் ஊற்றும். பக்கத்தில் ஒரு துண்டு சோப்பு. கேனில் தண்ணீர் குறையும். மாமா போய்விட்டு வந்து கை கழுவுகிறார் என்று அவளுக்கு ஒரு திருப்தி. மறுபடி நிரப்புவாள்.

கிழவர் கணக்கும் அதேதான், திசைதான் வேறு. பெண்பிள்ளை தனியாகப் புதருக்குப் போகக்கூடாது, காலம் கெட்டுக் கிடக்கிறது, அது செமேப் பெண்ணுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அவர் குதிருக்குப் பின்னால் போய், கக்கூஸைத் தாண்டி, பள்ளத்துப் பக்கம் இறங்கிவிடுவார். திரும்பும்போது கேனில் தண்ணீர் இருக்கும். நல்ல பழக்கம்தானே என்று கை கழுவுவார். மறுநாள் கேன் நிரம்பியிருக்கும். சரி, அந்தப் பொண்ணு பயன்படுத்துது என்று அவருக்கும் ஒரு திருப்தி.

இப்படியே மாதங்கள் ஓடின. மாமியார் இருந்திருந்தால் ஒரு வாய்ச் சொல்லில் தீர்ந்திருக்கும். எருதிடம்கூடச் சொல்ல முடியாத விஷயம் அது.

ஊரில் கடைசி வீடும் கட்டி முடித்தது. பெலிண்டா வீடு வீடாகப் பார்க்க வரும் நாள் வந்தது. அப்போண்டி முற்றத்தைச் சாணம் போட்டு மெழுகினாள். தேநீருக்குப் பால் எடுத்து வைத்தாள். முட்டை அவித்துக் கொடுக்கலாம் என்றால், முட்டையிடும் புள்ளிக்கோழியைக் கொஞ்ச நாளாகக் காணோம். கீரி தூக்கிப் போயிருக்கும் என்று நினைத்திருந்தாள்.

பெலிண்டாவோடு அசெம்போக்காரி, கமிட்டிப் பெண்கள், பின்னால் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் என்று ஊரே மேடேறி வந்தது. கிழவர் எருது கட்டியிருந்த மரத்தடியில் முக்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இதற்கு முன் இத்தனை பேர் ஒன்றாக அந்த முற்றத்தில் நின்றது மாமியாரின் சாவுக்குத்தான். அப்போண்டி தேநீர்க் குவளைகளை எண்ணிப் பார்த்தாள். போதாது என்பதிலேயே அவளுக்கு ஒரு சந்தோஷம்.

"முத்தம் பாரு, கண்ணாடி மாதிரி," என்றாள் அசெம்போக்காரி. "கை கழுவுற கேன் பாரு, அடியில ஈரம்கூடக் காயல. இதான் பொம்பளை. பம்பு வர்ற வீடுன்னா சும்மாவா?"

பெலிண்டா தகரக் கதவைத் திறந்தாள்.

உள்ளிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. புள்ளிக்கோழி இறக்கையை விரித்து, பெலிண்டாவின் முகத்துக்கு நேரே பாய்ந்து, அவள் தோளைக் கீறிக்கொண்டு வெளியே விழுந்தது. சிமெண்ட் தட்டின் மூலையில் காய்ந்த புல்லும் இறகும் குவிந்திருந்தன. அதன் மேல் முட்டைகள். குழியின் வாயைச் சிலந்தி வலை மூடியிருந்தது. சிமெண்டு தண்ணிக்காரர்கள் கொடுத்த மேனிக்கே வெள்ளையாக இருந்தது.

பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு பெண்கள்.

"தண்ணிக்காரங்க கட்டச் சொன்னது மனுஷனுக்கா, கோழிக்கா?"

"அதுவாவது ஒழுங்காப் போவுது, விடு."

"வெறும் கையை மட்டும் கழுவுற வீட்டை இப்பத்தான் பாக்குறேன்!"

பெலிண்டாவும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அசெம்போக்காரி சிரிக்கவில்லை. அப்போண்டியின் முழங்கையைப் பிடித்துக் குதிர் மறைவுக்கு இழுத்துப் போனாள்.

"சொல்லுடி. நீ எங்க போற?"

"ஆத்தோரம்."

"ஏன்டி?"

"இது மாமாவுக்குன்னு..."

"அவரு எங்க போறாரு?"

"இங்கதான்னு..."

மரத்தடியில் கிழவர் திரும்பாமலே எருதின் கழுத்தைத் தடவினார். அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"எலே, அது பொம்பளைப் புள்ளைக்குன்னுதானே நான் விட்டு வச்சேன்? அது எதுக்குடா ஆத்தோரம் போச்சு?"

சொல்லிவிட்டு எழுந்தார். முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு, முட்டியைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

பெலிண்டா மெதுவாகத்தான் சொன்னாள். "உங்க மேல எனக்குக் கோவமில்லை அண்ணி. ஆனா இந்த ஒரு வீடு இல்லாம ஊர் முடிஞ்சதுன்னு நான் எழுத முடியாது. ரிக் வண்டி முதல்ல இங்க வர்றதா இருந்துச்சு. இனி அது வேற ஊருக்குப் போகும். நீங்க சரி பண்ணுங்க, மறுபடி கூப்பிடுறேன். மழைக்கு முன்னாடி வந்துச்சுன்னா நம்ம அதிர்ஷ்டம்."

அவர்கள் இறங்கிப் போனார்கள். யாரும் தேநீர் குடிக்கவில்லை. கோழி மட்டும் திரும்பி வந்து, திறந்து கிடந்த கதவு வழியே எட்டிப் பார்த்து, தன் முட்டைமேல் போய் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு ஆற்றில் அவள் இறங்கினால் பேச்சு சட்டென்று நின்றது. எதிர்க்கரையில் யாரோ கொக்கரித்துக் காட்டினார்கள். செமேக்காரி என்ற பெயர் போய்க் கோழிக்காரி ஆகிவிட்டாள். குழந்தைக்கு வயிற்றால் போகிற ஒரு தாய் மட்டும் சிரிக்கவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "உன்னாலதான்டி இன்னமும் இந்தச் சேத்தைக் குடிக்கிறோம்" என்றாள். மற்றவர்கள் சிரித்ததைவிட அது வலித்தது. அது உண்மைதான் என்றும் பட்டது. வீட்டுக்கு வந்து முளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த வாசலுக்கு அந்தப் பெண்கள் வருவார்களா? வந்தாலும் வாயைத் திறப்பார்களா?

அசெம்போக்காரியின் புருஷன் நாலு ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். "பெரியப்பா, உங்களுக்கு ஒரு குழி நாங்க வெட்டித் தர்றோம். ஒரு பொழுது வேலை."

கிழவர் கோபப்படவில்லை. ஆனால் எழுந்து நின்றார். "தம்பி, ஊர்க்காரன் மம்பட்டியோட என் வேலிக்குள்ள வர்றது ஒரே ஒரு வேலைக்குத்தான். அந்த வேலைக்கு நான் இன்னும் தயாராகல. போயிட்டு வாங்க."

அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கினார்கள். பெற்றவனுக்குக் கக்கூஸ் குழியைப் பிள்ளை தோண்ட வேண்டும். இல்லாவிட்டால் பெற்றவனேதான் தோண்டிக்கொள்ள வேண்டும். ஒச்சோலாவுக்கு அப்போண்டி போன் போட்டாள். அது அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் மம்பட்டி மண்ணில் இறங்கும் சத்தம் அவளை எழுப்பியது. வேலியின் மறுகோடியில், கற்றாழைப் புதருக்குப் பக்கத்தில் கிழவர் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு வெட்டு, நீண்ட மூச்சு, மறுபடி ஒரு வெட்டு. வெயில் ஏறியதும் மம்பட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு எருதிடம் வந்தார்.

"சிமெண்டு போட்டது பொம்பளைப் புள்ளைக்கு. கேட்டுக்க. எனக்குக் கட்டை போதும்."

உள்ளே போய்ப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

அப்போண்டி குழியருகே போய்ப் பார்த்தாள். முழங்கால் ஆழம்கூட இல்லை. கீழே கெட்டிச் செம்பாறை மண். அவள் திரும்பி மாமனார் வீட்டுக் கதவைப் பார்த்தாள். இன்னும் யாரும் உட்காராத குழியில் மருமகள் இறங்கலாமா? அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

மாலையில் கிழவர் வந்து குழியைப் பார்த்துவிட்டு வெகுநேரம் நின்றார். பிறகு மம்பட்டியைத் துடைத்து அங்கேயே சாய்த்து வைத்தார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. காலையில் அவர், மதியம் அவள். அவர் இருக்கும்போது அவள் அந்தப் பக்கம் போகவில்லை. அவள் குழிக்குள் இருக்கும்போது அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, குறட்டை கேட்காத நாட்களிலும்கூட. குழி தலையைத் தாண்டியபோது யூகலிப்டஸ் கம்பில் ஓர் ஏணி வந்து நின்றது. படிகள் எட்ட எட்ட இருந்தன. பாவாடையோடு ஏற அவள் தட்டுத்தடுமாறினாள். அடுத்த நாள் ஒவ்வொரு இரண்டு படிக்கும் நடுவில் ஒரு புதுப் படி கட்டியிருந்தது. அவள் கையில் கொப்புளம் உடைந்து மம்பட்டிக் காம்பில் ரத்தம் படிந்தது. மறுநாள் காம்பைச் சுற்றிப் பழைய சட்டைத் துணி கெட்டியாகச் சுற்றியிருந்தது. அவள் பதிலுக்குக் குழி விளிம்பில் புளித்த கஞ்சியை மூடி வைத்தாள். அவர் தனக்காக விட்டு வைக்கும் இளகிய பக்கத்தை அவள் கண்டுகொண்டாள்; பதிலுக்கு அவருக்காகக் கல்லை உடைத்து வைத்தாள். குழிக்குள் நிற்கும்போது வானம் ஒரு தட்டு அளவுக்குத் தெரியும். அந்த ஆழத்தில் அவளுக்கு ஏனோ தனிமை தெரியவில்லை. மேலே ஏறி முற்றத்துக்கு வந்தபிறகுதான் அது வந்து ஒட்டிக்கொள்ளும்.

கட்டை பரப்பி, களிமண் பூசி, மறைப்புக் கட்டி முடிந்தது. அப்போண்டி கோழியை விரட்டி, குஞ்சுகளைக் கூடைக்கு மாற்றி, சிமெண்ட் தட்டைக் கழுவி, முதல் முறையாகத் தகரக் கதவை உள்ளே தாழிட்டாள். ஒரு கதவுக்குள் யாருக்கும் பயப்படாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. கொஞ்ச நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தாள்.

பெலிண்டா வந்து இரண்டையும் பார்த்தாள். மரக்கட்டைக் கக்கூஸின் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஆழமா? தாத்தாவா தோண்டுனாரு?" என்றாள்.

அப்போண்டி தரையைப் பார்த்தாள். மரத்தடியிலிருந்து குரல் வந்தது. "எலே, தாத்தாவாம். ஒத்தை ஆளா எங்கடா தோண்டுறது?"

அசெம்போக்காரி விசிலை எடுத்து நீளமாக ஊதினாள். ஊர் முடிந்தது.

ஆனால் ரிக் வண்டி வேறு ஊர்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. அது கன்யாமோவுக்குத் திரும்பிய வாரத்தில் பெருமழை தொடங்கிவிட்டது. மண் பாதை கூழாகிக் கிடந்தது. அப்போண்டி வேலியோரத்தில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்று பார்த்தாள். கீழே அந்தப் பெரிய வண்டி சரிவில் ஏறி, பாதி வழியில் பின்சக்கரம் புதைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஊரே தள்ளியது. கல்லைப் போட்டார்கள், மரக்கிளையைப் போட்டார்கள். சக்கரம் சுற்றிச் சேற்றை வாரி எல்லோர் முகத்திலும் அடித்தது.

டிரைவர் இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினார். "இதுக்கு மேல ஏத்த மாட்டேன். கவுந்தா வண்டியும் போச்சு, உசுரும் போச்சு."

"மழை விட்டதும் வாங்களேன் அண்ணே," என்றாள் அசெம்போக்காரி.

"மழை விட்டா நான் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பேன். பள்ளிக்கூடத்துல ஒரு முளை இருக்கில்ல? அங்க வேணும்னா போடுறேன். இல்லைன்னா கிளம்புறேன்."

பெலிண்டா போனைக் காதில் வைத்துக்கொண்டு மழையில் இங்கும் அங்கும் நடந்தாள். பேசி முடித்துத் தலையாட்டினாள். தப்பு என்று யாருக்குமே தோன்றவில்லை. பள்ளிக்கூடம் ஊருக்கு நடுவில் இருந்தது. எல்லோருக்கும் பக்கம். மேலே ஏறி வர வேண்டியதில்லை. வண்டி மெல்ல மெல்லப் பின்வாங்கி, விளக்கைத் திருப்பிக்கொண்டு கீழே போனது. வேலியோரத்தில் நின்றவளை ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு மாலையில் அது நின்றது. கொஞ்சம் கழித்துக் குலவைச் சத்தம் எழும்பியது. பறை அடித்தார்கள், பாட்டுப் பாடினார்கள். மேட்டுக்கு வரும்போது அது மெலிந்து, ஈக்களின் ரீங்காரம் மாதிரி இருந்தது. அப்போண்டி களி கிண்டினாள். தட்டை வாசற்கல்லில் வைத்துச் செருமினாள். திரும்பும்போது கிழவர் எருதின் பக்கத்தில் நின்றிருந்தார். மழை அவர் தோளில் வழிந்தது.

"எலே," என்றார். "கீழ வர்றதும் நல்ல தண்ணிதான்டா." எருதின் முதுகில் வழிந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டார். "அந்தப் பொண்ணு முள்ளெல்லாம் வெட்டி எடத்தைப் பெருக்கி வச்சிருந்துச்சு. எனக்குத் தெரியும். நான்தான் ஒரு வார்த்தை முன்னாடியே கேட்டிருக்கணும்."

அப்போண்டி நின்றாள். மாமனாரைப் பார்க்கவில்லை. எருதின் வளைந்த கொம்பைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து சொல் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நானும்தான் கேக்கல," என்று எருதிடம் சொன்னாள்.

எருது காதை ஆட்டியது. கிழவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பள்ளிக்கூடத்து அடிபம்பு காலையிலும் மாலையிலும் திறந்திருக்கும். வரிசையில்தான் பிடிக்க வேண்டும் என்று கமிட்டி விதி போட்டிருந்தது. முதல் சில நாட்கள் அப்போண்டி கேனை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடச் சுவரோரம் தள்ளி நின்றாள். தன் முறை வந்ததும் ஓடிப் போய் அடித்து, தூக்கித் தலையில் வைத்து, யார் முகத்தையும் பார்க்காமல் மேடேறினாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வீட்டில் ஊற்றி வைத்துவிட்டுப் பார்த்தால் நாள் முழுக்க இன்னும் மிச்சம் கிடந்தது.

ஒரு மாலையில் வரிசை நீண்டிருந்தது. பெண்கள் கேன்களின் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். சந்தையில் மீன் விற்கும் ஒருத்தி தன் நாத்தனார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பரிசமாகக் கொண்டுவந்த மாடுகளில் ஒன்றுக்கு வாலே இல்லையாம். பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். அப்போண்டி சுவரோரத்திலிருந்து கொஞ்சம் கிட்டே வந்திருந்தாள். கதை பாதியில் இருக்கும்போதே அவள் முறை வந்துவிட்டது.

"ஏய் செமேக்காரி, உன் கேன்தான்டி," என்றாள் அசெம்போக்காரி.

"நீங்க பிடிங்கக்கா. உங்க வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு."

அசெம்போக்காரி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தன் கேனை வைத்தாள். அவள் பிடித்து முடித்ததும் அடுத்தவள் நகர்ந்தாள். அப்போண்டி அவளுக்கும் கையைக் காட்டினாள்.

"அட, உனக்கு வேணாமா? மேட்டுல கெழவரு தொண்டை காஞ்சு கிடக்கப் போறாரு."

"அவரு அவசரப்பட மாட்டாரு. நீங்க போங்க."

மூன்றாவதாகக் கையில் குழந்தையோடு ஒருத்தி ஓடி வந்தாள். ஆற்றங்கரையில் சேற்றைக் குடிக்கிறோம் என்றவள் அவள்தான். அப்போண்டி தன் மஞ்சள் கேனைத் தூக்கி அவள் கேனுக்குப் பின்னால் வைத்தாள். அவள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "உனக்குப் புண்ணியமாப் போவும்," என்றாள்.

மீன்காரி கதையை விட்ட இடத்திலேயே விட்டுவிட்டு, பம்பின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தாள். கதையின் மீதியை யாரும் அவளிடம் கேட்கவில்லை. இருட்டப் போகிறது, வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்ட வேண்டும் என்று எல்லோரும் அவரவர் கேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போண்டிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. ஆனாலும் ஓரடி முன்னால் வந்தாள்.

"அப்புறம் அந்த வாலில்லாத மாட்டை என்ன பண்ணாங்க?"

மீன்காரி திரும்பிப் பார்த்தாள். கேட்டது யார் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அதை ஏன் கேக்குற," என்று தன் கேனைத் தட்டி இடம் காட்டினாள். "உக்காரு, சொல்றேன்."